வேலையைக் கொடுங்கள், கூட்டம் வரும்

(கொள்ளேகாலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம். முகமனுரைகளும் மேடையில் சொன்ன சில கிளைக்கதைகளும் சுருக்கப்பட்டுள்ளன.)



தமிழ்நாட்டில் யாரிடமாவது ‘கொள்ளேகாலுக்குப் போகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘வீட்ல யாருக்கு என்ன?’ என்பார். செய்வினை எடுக்கும் ஊர் என்றுதான் எங்கள் சினிமாவும் வார இதழ்களும் உங்கள் ஊரை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. பட்டு நெய்யும் ஊர், 1956 நவம்பர் வரை எங்கள் கோவை மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்த ஊர் என்பதெல்லாம் எங்களில் பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் அறிவியல் புனைவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் மாயத்தையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துச் சொன்ன புகழ்பெற்ற விதி ஒன்று உண்டு. இந்த இடத்தில் அதை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை.

இங்குள்ள இளைஞர்கள் சிலர் அமைப்பாளர்கள் வழியாக எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். இந்த ஊரிலேயே ஒரு நாள் அறிவியல் புனைவு மாநாடு நடத்த வேண்டும், சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் நாங்களே நடத்த வேண்டும், ஆனால் கூட்டத்தை எப்படி வரவழைப்பது? சுவரொட்டி ஒட்டலாமா, ரீல்ஸ் போடலாமா, சினிமாவில் தெரிந்த முகம் ஒன்றைக் கூப்பிடலாமா? அதற்கான பதிலையே இன்றைய உரையாக வைத்துக்கொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர்கள் நடத்தும் மாநாட்டுக்கு ஏற்பாடு என்று ஒரு வேலை, விளம்பரம் என்று இன்னொரு வேலை கிடையாது. வேலையை எத்தனை பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறீர்களோ அதுதான் விளம்பரம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன் பாதியில் எழுந்து போவதில்லை, நாலு பேரை அழைத்தும் வருவான். இந்த ஒரு கருத்தை ஐந்து பகுதிகளாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

1. முகவரி அச்சிட்டவர்

1926 ஏப்ரலில் நியூயார்க்கில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அறிவியல் கதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் அது. கெர்ன்ஸ்பேக் எழுத்தாளர்களுக்கு ஒழுங்காகப் பணம் கொடுத்தவர் அல்ல, சொந்தமாக எழுதிய கதைகளும் சுமார்தான். ஆனால் இதழில் அவர் செய்த ஒரு சின்னக் காரியம் பெரிதாக வளர்ந்தது. வாசகர் கடிதங்களை வெளியிடும்போது எழுதியவரின் முழு முகவரியையும் சேர்த்து அச்சிட்டார். ஒரு நகரத்தில் இருந்த பையனுக்கு, இரண்டு தெரு தள்ளியே தன்னைப் போன்ற இன்னொரு கிறுக்கன் இருப்பது தெரிந்தது. வாசகர்கள் ஆசிரியரைத் தாண்டி ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். கடிதங்கள் சைக்ளோஸ்டைல் பத்திரிகைகளாகின. பத்திரிகைகள் சங்கங்களாகின.

1936 அக்டோபர் 22 அன்று நியூயார்க் சங்கத்தார் சிலர் ரயிலேறி ஃபிலடெல்ஃபியா போனார்கள். டொனால்ட் வொல்ஹைம், ஃபிரெடரிக் போல் அவர்களில் இருவர். போல் அப்போது பதினாறு வயதுப் பையன். அந்த ஊர்ச் சங்கத்தாரை ஒரு வீட்டில் சந்தித்தார்கள். ஒரு கூடத்தில் அடங்கும் அளவு ஆட்கள்தான். பேசிக்கொண்டிருந்தபோது, ‘இதை மாநாடு என்றே அறிவித்துவிடுவோம்’ என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு, 1937 ஜனவரி 3 அன்று, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், முன்கூட்டியே அறிவித்து ஒரு கூட்டம் நடந்தது. இடம் தியசாபிகல் சங்கத்தின் கூடம், அடையாற்றில் தலைமையகம் வைத்திருக்கிறதே அதே சங்கம்தான். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் பத்தொன்பது வயது ஆர்தர் கிளார்க், பிற்காலத்தில் கொழும்பில் குடியேறி நம் பக்கத்து வீட்டுக்காரர் ஆனவர். உலகின் முதல் மாநாடு எது, ஃபிலடெல்ஃபியாவா லீட்ஸா என்று இன்றும் இரு நாட்டாரும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுகிறார்கள்.

இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். வந்த ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். கடிதம் எழுதினார்கள், ஸ்டென்சில் வெட்டினார்கள், அஞ்சல்தலை ஒட்டினார்கள். மாநாடு அந்த வேலையின் தொடர்ச்சி. வேடிக்கை பார்க்க வந்தவர் அங்கே யாருமில்லை.

இதைத் தமிழோடு வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. சுஜாதாவுக்கு லட்சக்கணக்கில் வாசகர்கள் இருந்தார்கள். இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திர வேலையைப் பார்த்துக்கொண்டே எழுதியவர். ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ என்ற எந்திர நாயைத் தெரியாத தமிழ்க் குடும்பம் எண்பதுகளின் கடைசியில் குறைவு. அத்தனை வாசகர்கள் இருந்தும் தமிழில் ஏன் ஒரு அறிவியல் புனைவு மாநாடு முளைக்கவில்லை? ஜூனியர் விகடனில் வந்த ‘ஏன், எதற்கு, எப்படி?’ பகுதிக்கு வாசகர் கேள்வி அனுப்புவார், சுஜாதா பதில் சொல்வார். பிரமாதமான பதில்கள். ஆனால் கம்பி முழுக்க வாசகரிலிருந்து சுஜாதாவுக்குத்தான் போனது. வாசகரிலிருந்து வாசகருக்குப் போகவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, வார இதழின் அமைப்பு அப்படி. ஆனால் நட்சத்திரத்தைச் சுற்றிச் சேர்ந்த கூட்டம் நட்சத்திரம் மறைந்ததும் கலைந்துவிடுகிறது. 2008 பிப்ரவரியில் சுஜாதா மறைந்த பிறகு நடந்தது அதுதான்.

அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2018இல், ‘அரூ’ என்ற இணைய இதழ் வந்தது. பல நாடுகளில் இருக்கும் நண்பர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் நடத்துவது. அவர்கள் கூட்டம் போடவில்லை, அறிவியல் சிறுகதைப் போட்டி வைத்தார்கள். படித்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களை எழுத உட்காரவைத்தது அந்தப் போட்டி. ‘வாருங்கள்’ என்பதைவிட ‘எழுதுங்கள்’ என்பது வலுவான அழைப்பு. மராத்தியிலும் இப்படித்தான் நடந்தது. மராத்தி விஞ்ஞான் பரிஷத் 1974இல் வைத்த போட்டிக்கு ஜயந்த் நார்லிகர் ஒரு கதை அனுப்பினார். அப்போதே உலகம் அறிந்த வானியலாளர் என்பதால், தன் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப்போட்டு நாராயண் விநாயக் ஜக்தாப் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்து காட்டிக்கொடுக்கக்கூடாது என்று மனைவியை எழுதவைத்தார். பரிசு கிடைத்தது. அதே நார்லிகர் 2021இல் நாசிக்கில் நடந்த அகில பாரத மராத்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைவரானார். ஒரு தன்னார்வ அமைப்பு வைத்த கதைப் போட்டியில் தொடங்கிய பாதை அது.

2. பார்வையாளர் என்று யாரும் இல்லை

உலக அறிவியல் புனைவு மாநாடு 1939இல் நியூயார்க்கில் தொடங்கியது. போர்க்காலமான 1942 முதல் 1945 வரை மட்டும் நடக்கவில்லை. ஆண்டுதோறும் வேறு ஊர், வேறு குழு. நிரந்தர அலுவலகமோ சம்பளம் வாங்கும் செயலாளரோ கிடையாது. ஆயிரக்கணக்கானோர் நான்கைந்து நாள் கூடும் மாநாட்டை இப்படி நடத்துவது எப்படிச் சாத்தியமாகிறது என்று நான் அதன் விதிகளைப் படித்துப் பார்த்தேன். விதிகள் வறட்சியானவை, ஆனால் அவற்றில் ஒரு தந்திரம் இருக்கிறது.

அங்கே நுழைவுச்சீட்டு விற்பதில்லை. நீங்கள் வாங்குவது உறுப்பினர் உரிமை. மேடையில் பேசுகிறவர், நாற்காலி போடுகிறவர், மாநாட்டுத் தலைவர் எல்லாரும் முதலில் கட்டணம் கட்டுகிறார்கள். கடைசியில் பணம் மிஞ்சினால் வேலை செய்தவர்களுக்குத் திருப்பித் தருவது வழக்கம். அதற்கும் மேல் மிஞ்சினால் அடுத்தடுத்த மாநாடுகளுக்கு ஒரு பங்கு போகிறது. உறுப்பினராக இருப்பதால் மாநாடு வழங்கும் ஹியூகோ விருதுக்கு வாக்களிக்கலாம், விதிகளைத் திருத்தும் கூட்டத்தில் எழுந்து பேசலாம்.

இரண்டு ஆண்டு கழித்து எந்த ஊரில் நடத்துவது என்பதையும் உறுப்பினர்கள்தான் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். வாக்களிப்பவர் அந்த வருங்கால மாநாட்டுக்கு இப்போதே முன்பணம் கட்ட வேண்டும். அவர் ஆதரித்த ஊர் தோற்றாலும் பணம் வென்ற ஊருக்குப் போகும், அவர் அதன் உறுப்பினராகிவிடுவார். யோசித்துப் பாருங்கள், தேர்தல் முடிந்த அன்றே புதிய குழுவின் கையில் முதலீடும் இருக்கிறது, முகவரிப் பட்டியலும் இருக்கிறது, ஊரூராகப் போய்ச் சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள். தேர்தல் பிரச்சாரமே விளம்பரமாகிவிடுகிறது. போட்டியிடும் ஊர்க்காரர்கள் விடுதி அறையில் விருந்து வைத்து ஆதரவு திரட்டுவார்கள். மின்னியாபொலிஸ் நகரத்தார் 1973 மாநாட்டுக்காக இப்படி விருந்து வைத்தார்கள், வாய்ப்பு கிடைக்கவில்லை. விருந்து நன்றாக இருந்ததால் அந்த ஆண்டு போன பிறகும் பல்லாண்டுகள் ‘1973க்கு மின்னியாபொலிஸ்’ என்று சொல்லி விருந்தை மட்டும் விடாமல் நடத்தினார்கள்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை 1987இல் தொடங்கியது. ஜூலை முதல் வார விடுமுறையில் ஆண்டுக்கொரு நகரத்தில் விழா எடுக்கிறது. உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தார் வார இறுதிகளில் வேலை செய்து நடத்துகிறார்கள். வண்டி ஓட்டுவது, சமையலுக்கு ஏற்பாடு செய்வது, மேடை ஒலியைக் கவனிப்பது எல்லாம் அவர்கள்தான். தமிழர்களுக்கு இந்த வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னும் பக்கத்தில், உங்கள் பழைய மாவட்டத் தலைநகரான கோயம்புத்தூருக்கு வாருங்கள். 2010 முதல் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தார் டிசம்பரில் விருது விழா நடத்துகிறார்கள். எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர்கள் சேர்ந்து செய்வது, முதல் விருது ஆ. மாதவனுக்கு. விருது வழங்குவது விழாவின் கடைசிப் பகுதிதான். அதற்கு முன் அரங்கு அரங்காக எழுத்தாளர்களை உட்காரவைத்து வாசகர்கள் கேள்வி கேட்கிறார்கள். கேட்பதற்கு அந்த எழுத்தாளரைப் படித்துவிட்டு வர வேண்டும். வாசகருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது. ஜெயமோகனே ‘விசும்பு’ தொகுப்பில் அறிவியல் கதைகள் எழுதியவர். ஆகவே கோவை விழாவின் அமைப்பை அறிவியல் புனைவுக்கு எடுத்துவர ஒரு படிதான் ஏற வேண்டும்.

பெங்களூரில் நடக்கும் காமிக் கான் இதற்கு நேர் எதிரானது. 2011இல் தில்லியில் தொடங்கி மற்ற நகரங்களுக்கு விரிந்த வணிக நிகழ்ச்சி. நன்றாகவே நடத்துகிறார்கள், உங்களில் சிலர் வேடம் போட்டுக்கொண்டு போய் வந்திருப்பீர்கள். அங்கே சீட்டு வாங்குகிறீர்கள், பார்க்கிறீர்கள், பொருள் வாங்குகிறீர்கள், திரும்புகிறீர்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விளம்பர முறையைப் பணமில்லாத குழு காப்பியடித்தால் கடன்தான் மிஞ்சும். அவர்கள் கூட்டத்தை விலைக்கு வாங்கி, சீட்டிலும் கடை வாடகையிலும் அதைத் திரும்ப எடுக்கிறார்கள். நம்மிடம் வாங்கவும் காசில்லை, விற்கவும் சரக்கில்லை.

3. ஒசாகா மாணவர்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஜப்பானில் 1957இல் ‘உச்சூஜின்’ என்ற ரசிகர் இதழை ஷிபானோ தகுமி தொடங்கினார். அந்த வட்டத்திலிருந்து 1962இல் டோக்கியோவில் முதல் ஜப்பானிய மாநாடு வந்தது. அங்கும் ஆண்டுக்கொரு ஊர். 1981 ஆகஸ்டில் முறை ஒசாகாவுக்கு. அந்த மாநாட்டின் பெயர் டைகான் 3. நடத்தியவர்கள் ஒகாடா தோஷியோ, தகேடா யசுஹிரோ போன்ற கல்லூரிப் பருவத்து ரசிகர்கள். தொடக்க விழாவில் தலைவர் பேசுவார், குத்துவிளக்குப் போல ஏதோ ஒன்று நடக்கும் என்றில்லாமல், ஒரு குட்டி அனிமேஷன் படம் போட்டால் என்ன என்று யோசித்தார்கள். படம் எடுக்கத் தெரிந்தவர்கள்? ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அன்னோ ஹிதெஅகி, அகாய் தகாமி, யமாகா ஹிரோயுகி என்ற மூன்று பையன்களைப் பிடித்தார்கள்.

அனிமேஷனுக்கு வேண்டிய செல்லுலாய்டு தாள் விலை அதிகம். மலிவான வினைல் தாளை வாங்கி வெட்டிப் பயன்படுத்தினார்கள். வண்ணம் ஒட்டவில்லை, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எட்டு மில்லிமீட்டர் கேமராவில், சில நிமிடங்களே ஓடும் படம் எடுத்தார்கள். முதுகில் பள்ளிப்பை மாட்டிய ஒரு சிறுமிக்கு வானத்திலிருந்து வந்தவர்கள் ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கிறார்கள். வழியில் வரும் எந்திரர்களையும் பூதங்களையும் அடித்துத் துரத்திக்கொண்டு அவள் போய் அந்தத் தண்ணீரை ஒரு முள்ளங்கிச் செடிக்கு ஊற்றுகிறாள். முள்ளங்கி விண்கலமாகிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. படத்துக்கு ஆன செலவை மீட்க அதன் பிரதிகளைப் பிறகு ரசிகர்களுக்கே விற்றார்கள். 1983இல் மறுபடி ஒசாகாவுக்கு முறை வந்தபோது இன்னும் பெரிதாக ஒரு படம் எடுத்தார்கள். 1984 கடைசியில் அதே கூட்டம் கைனாக்ஸ் என்ற படநிறுவனமாகியது. அன்னோ 1995இல் எடுத்த ‘எவாஞ்சலியன்’ தொடர் உலகம் முழுக்கப் போனது.

இதிலிருந்து ‘மாநாடு நடத்தினால் பெரிய ஆள் ஆகலாம்’ என்ற பாடத்தை எடுக்க வேண்டாம். அப்படி ஆனவர்கள் ஒரு கை அளவுதான். நான் கவனிப்பது வேறு. டைகான் 3இன் விளம்பரம் எது? அந்தப் படம். அது எதற்காக எடுக்கப்பட்டது? மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்ட. விளம்பரத்துக்கென்று அவர்கள் தனியாக எதுவும் செய்யவில்லை. மாநாட்டின் ஒரு வேலையை, அதற்காகத் தவித்துக்கொண்டிருந்த மூன்று பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தேவைக்கு மேல் பத்து மடங்கு செய்தார்கள். பணம் கொடுத்து எடுத்திருந்தால் தேவைக்குச் சரியாக எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

1939 நியூயார்க் மாநாட்டிலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண் தைத்த எதிர்கால உடைகளை அணிந்து, அவரும் ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகரும் வந்தார்கள். இன்று உலகம் முழுக்க ரசிகர்கள் வேடம் போடும் பழக்கத்துக்கு அந்த இரண்டு உடைகள்தான் வேர் என்கிறார்கள். நெடுங்காலம் அந்தப் பெருமை ஆக்கர்மன் பெயரில்தான் இருந்தது, தைத்தவர் பெயரைப் பின்னால்தான் தேடி எடுத்தார்கள். தன்னார்வ வேலைக்குக் கூலி கிடையாது, பெயர் ஒன்றுதான் கூலி. அதையும் கொடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். கொள்ளேகால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

4. வாசலில் நிற்பவர் யார்

அதே 1939 மாநாட்டில் அசிங்கமான ஒன்றும் நடந்தது. நடத்தியவர்களுக்கும் வொல்ஹைம், போல் முதலியோர் இருந்த இன்னொரு சங்கத்துக்கும் பகை. துண்டறிக்கை கொடுத்துக் கலகம் செய்வார்கள் என்று பயந்து, வொல்ஹைம், போல் உட்பட ஆறு பேரை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். சுமார் இருநூறு பேர் வந்த மாநாடு. அதில் என்ன பேசினார்கள் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. வாசலில் தடுக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மாநாட்டை முதல்முதல் கூட்டியவர்களில் இருவரே வெளியே நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2023 அக்டோபரில் சீனத்தின் செங்டுவில் நடந்த உலக மாநாட்டுக்குப் பணத்துக்கும் கட்டடத்துக்கும் குறைவே இல்லை. ஆனால் ஆர்.எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் போன்ற சில படைப்புகளைத் தகுதியற்றவை என்று காரணம் சொல்லாமல் ஹியூகோ பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். 2024 ஜனவரியில் வாக்கு விவரம் வெளியானபோது இது தெரிந்து பெரிய சண்டையாயிற்று. அடுத்து வந்த கிளாஸ்கோ குழு, 377 வாக்குகள் முறைகேடானவை என்று கண்டுபிடித்தபோது அதைத் தானாகவே வெளியில் அறிவித்தது. பெரிய நட்சத்திரம் யாரும் மீட்க முடியாத நம்பிக்கையை அந்த அறிக்கை மீட்டது.

இந்த ஊருக்கு வருவோம். கொள்ளேகாலில் தமிழ் மட்டும் பேசி மாநாடு நடத்தினால் அதுவும் வாசலில் ஆளை நிறுத்துவதுதான். கன்னடத்தில் ராஜசேகர பூசனூர்மட் அறிவியல் கதைகளுக்கென்றே பெயர் பெற்றவர். பறக்கும் ஓந்தியைத் தேடிக் காட்டுக்குள் போகும் பூர்ணசந்திர தேஜஸ்வியின் ‘கர்வாலோ’வை எந்த வகையில் சேர்ப்பது என்று இரண்டு மணி நேரம் சண்டை போடலாம். நல்ல அமர்வாக இருக்கும். இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் 1998இல் எங்கள் வேலூரில் தொடங்கியது. அதில் நெடுங்காலம் உழைத்த எம்.எச். ஸ்ரீநரஹரி உங்கள் மைசூர்க்காரர். எல்லை தாண்டுவது இத்துறையில் புதிதல்ல. உருது பேசும் வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. ஒடெயர்பாளையத்தில் திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது. நாடு விட்டு நாடு வந்து புதிய நிலத்தில் ஊர் கட்டியவர்களை வைத்துக்கொண்டு, வேற்றுக் கோளில் குடியேறும் கதையைப் பற்றி அவர்களைக் கேட்காமல் பேசுவது அபத்தம்.

5. சின்ன ஊர், சின்ன மாநாடு

சின்ன ஊருக்கு யார் வருவார்கள் என்பது அடுத்த பயம். சிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். பாக்குத் தோட்டம்தான் பிழைப்பு. 1949இல் அங்கே கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் நீநாசம் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். பிறகு அரங்கம் வந்தது, திரைப்படச் சங்கம் வந்தது, 1980இல் நாடகப் பள்ளி வந்தது. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது. ஆண்டுதோறும் நடக்கும் பண்பாட்டு முகாமுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அந்தக் கிராமத்துக்குப் போகிறார்கள். பஸ் மாறி மாறித்தான் போகிறார்கள்.

வருவதற்காகக் காத்திராமல் எதிர்கொண்டு போகிற முறையும் உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் பிறந்தது, 1980 முதல் கலைப்பயணங்களாகத் தெருத்தெருவாக அறிவியலைக் கொண்டுபோனது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் வந்தது. 1987 அக்டோபர் 2 அன்று நாட்டின் ஐந்து திசைகளிலிருந்து பாரத ஜன விஞ்ஞான ஜாதா புறப்பட்டு, விஷவாயு கசிந்த போபாலில் நவம்பர் 7 அன்று ஒன்றுசேர்ந்தது. பாட்டு, நாடகம், ஊர் ஊராகச் சாப்பாடு. எந்த ஊரில் இரவு தங்கினார்களோ அந்த ஊர்தான் சோறு போட்டது. சோறு போட்டவர் மறுநாள் இயக்கத்துக்காரர்.

சரி, கொள்ளேகாலில் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், திருத்திக்கொள்ளுங்கள்.

தேதி முதலில். மாதேஸ்வரன் மலை ஜாத்திரை நாட்களில், அதாவது சிவராத்திரி, யுகாதி, தீபாவளியை ஒட்டி, பேருந்தெல்லாம் பக்தர்களுக்குத்தான். அன்று மாநாடு வைக்கக்கூடாது. கோவை, ஈரோட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டும், புலிகள் காப்பகத்தில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பிற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் தங்க வீடு வேண்டும். வீடுகள் என்றால் லாட்ஜ் அல்ல, உங்கள் வீடுகள். ஒரு விருந்தாளியை ஏற்ற வீடு முழுக்க மாநாட்டுக்கு வந்துவிடும்.

நிகழ்ச்சிக்கு நட்சத்திரம் வேண்டாம். முதல் ஆண்டு நாற்பது பேர் போதும். அந்த நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு வேலை இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒருவர் ஒரு கதையைப் படித்து வந்து பத்து நிமிடம் பேசுவார். ஒருவர் கன்னடக் கதையைத் தமிழில் சுருக்கிச் சொல்வார். ஒருவர் வாசலில் பெயர் எழுதுவார், ஒருவர் தேநீர் பார்த்துக்கொள்வார். ஒருவர் கணக்கை எழுதி, மாலையில் எல்லார் முன்னிலையிலும் படிப்பார். இந்தக் கணக்குப் படிக்கும் ஆளை மட்டும் மறக்க வேண்டாம், நல்ல நண்பர்கள் பிரிந்ததெல்லாம் கணக்கில்தான். பெயர் எழுதும் ஏட்டில் தொலைபேசி எண்ணைக் கேட்டு, ‘மற்றவர்களோடு பகிரலாமா’ என்றும் கேளுங்கள். சம்மதித்தவர்களின் பட்டியலை அன்றே எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். கெர்ன்ஸ்பேக் செய்தது அதுதான்.

அடுத்த ஆண்டுத் தலைவரை இந்த ஆண்டே தேர்ந்தெடுங்கள், இந்த ஆண்டுத் தலைவராக இருந்தவரைத் தவிர. கல்கத்தாவில் 1966 ஜனவரி 26 அன்று அறிவியல் புனைவுத் திரைப்படச் சங்கம் ஒன்று தொடங்கியது. தலைவர் சத்யஜித் ராய், துணைத்தலைவர் பிரேமேந்திர மித்ரா, செயலாளர் அத்ரீஷ் பர்தன். இதைவிடப் பெரிய பெயர்கள் இந்தியாவில் எந்த ரசிகர் சங்கத்துக்கும் கிடைத்ததில்லை. சில ஆண்டுகளே நடந்தது. பெரிய பெயர்கள் தொடங்கிவைக்கும், தொடர்ந்து நடத்தத் தொடர்ச்சியாக ஆட்கள் வேண்டும்.

கடைசியாக, இடம். மண்டபத்தை விட்டு வெளியே ஓர் அமர்வு வையுங்கள். இங்கிருந்து அரைமணி நேரத்தில் சிவனசமுத்திரம் அருவி. 1902இல் அங்கே காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் போய்க் கோலார் தங்கவயலை எட்டியது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று. அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். பெங்களூருக்கே விளக்கு 1905இல்தான். அதாவது, உங்கள் அருவியின் வேகம் பூமிக்கடியில் இருந்த ஒரு தமிழ்க் கூலியின் வேலையை மாற்றியது, அரண்மனை நகரங்களின் தெருக்கள் இன்னும் இருட்டாக இருந்தபோது. இதை வைத்து ஒரு அறிவியல் கதை தமிழிலோ கன்னடத்திலோ வந்து நான் படித்ததில்லை. மின்நிலையம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க முன் அனுமதி வாங்க வேண்டும், குழுவாகப் போவதென்றால் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். கன்னடத்தில் நன்றாக எழுதக்கூடியவர் ஒருவர் தேவை. அவர் இந்த அவையில் இருந்தால், உரை முடிந்ததும் அமைப்பாளரிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.